வல்லை வெளிக்குக் கட்டிய பை

1

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு நாற்பது ரயிலில் உர்சுலாவோடு மலையடிக்குப் போய், அங்கிருந்து ஐந்து மணித்தியாலம் நடக்கவேண்டும். இப்போது பின்னேரம் ஐந்து மணி. குசினி மேசையில் முதுகுப்பை வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. இரண்டு தரம் அடுக்கினேன், இரண்டு தரமும் கொட்டிவிட்டேன். தண்ணீர்ப் போத்தல், பாண், அவித்த முட்டை, மழைக் கோட்டு, ஒரு சோடி காலுறை. வைக்கவேண்டியது இவ்வளவுதான். கைதான் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

உர்சுலா என் சம்பந்தி. மகள் ஆரணியின் மாமியார். முப்பத்தைந்து வருடம் தபால் பை தூக்கிய மனிசி. ஓய்வுபெற்ற பிறகும் கால் ஓயவில்லை. சுவிஸில் பாதிச் சனத்துக்கு ஞாயிறு என்றால் நடைதான். சந்திக்குச் சந்தி மஞ்சள் பலகை நிற்கும். அடுத்த ஊர் எத்தனை கிலோமீற்றர் என்று அதில் இருக்காது. எத்தனை மணித்தியாலம் என்றுதான் இருக்கும். அந்தக் கணக்கு உர்சுலாவின் காலுக்குச் சரி. என் காலுக்கு ஒன்றரை மடங்கு வேண்டும்.

பிள்ளைகளும் வருவதாக இருந்தது. மத்தியானம் ஆரணிக்குத் தமிழில் நீளமாக எழுதிக் கேட்டேன்: எத்தனை மணிக்கு வருவீர்கள், மாப்பிள்ளைக்கு ரோல்ஸ் பொரிக்கட்டுமா என்று. பெருவிரல் படம் ஒன்று வந்தது. அதன் கீழே ஜெர்மனில் ஒரு வரி: களைப்பாக இருக்கிறது, அம்மாமார் இரண்டு பேரும் சந்தோசமாக நடவுங்கள். முன்பெல்லாம் தமிழை ஆங்கில எழுத்திலாவது எழுதுவாள். இப்போது அதுவும் இல்லை.

இந்த நாட்டில் நான் முதல்முதல் நடக்கப் போனது இருபத்திநாலு வருடத்துக்கு முன்பு. முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்து மூன்று மாதம். வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒருநாள் மலைக்குப் போவதாக அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். கடைசி வரியில் 'உணவு: முதுகுப்பையிலிருந்து' என்று இருந்தது. யாரோ ஒருவர் பெரிய பையில் எல்லோருக்கும் சாப்பாடு கொண்டுவந்து தருவார் என்று விளங்கிக்கொண்டு நான் வெறுங்கையோடு போனேன். உச்சியில் எல்லோரும் இருந்து, அவரவர் பையைத் திறந்து, அவரவர் பாணைச் சாப்பிட்டார்கள். நான் பசியில்லை என்றேன். பக்கத்தில் இருந்த போர்த்துக்கல்காரி தன் பாணைப் பிய்த்துப் பாதியை என் மடியில் வைத்தாள். அன்று இன்னொன்றும் கண்டேன். மற்றவர்கள் புல்லுக்குள் இறங்கிப் பூப் பறித்தார்கள். நான் ஒற்றையடிப் பாதையை விட்டுக் கால் எடுக்கவில்லை. வெறுங்காணிக்குள் மிதிவெடி கிடக்கும், கால் வைக்காதே என்று ஊரில் பழக்கிய கால் அது. ஏன் என்று அவர்கள் கேட்டபோது, பூவென்றால் எனக்குத் தும்மல் வரும் என்று சொல்லிவைத்தேன்.

இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் தொடங்குகிறது. அங்கே ஒன்று சொல்வது, இங்கே ஒன்று சொல்வது. சலவைக்கு நின்ற காலத்தில் ஊருக்கு எழுதிய கடிதங்களில் ஆஸ்பத்திரியில் வேலை என்றுதான் எழுதினேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது வெளிநாட்டில் ஒரு தங்கையோ மகனோ இருந்தால், அவர்கள் சொன்னதில் பாதியையாவது நம்புங்கள்.

போன வருடம் இதே ஆடி மாதம், கரவெட்டியில் அண்ணையின் வீட்டு விறாந்தையில் இதே பையைக் கட்டினேன். அதை எழுதி முடித்தால் கை அடங்கும் என்று நினைக்கிறேன்.

2

ஆரணியும் உர்சுலாவின் மகனும் ஒருவரையொருவர் விரும்புவது எனக்கு அப்போதே இரண்டு வருடமாகத் தெரியும். திருமணப் பதிவுக்குப் பத்திரங்கள் கேட்டார்கள். அதில் என் பிறப்புப் பத்திரத்தின் புதிய பிரதியும் ஒன்று. ஆறு மாதத்துக்கு மேற்பட்டது செல்லாது. நான் பிறந்த நாள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுமா என்று பதிவுக் கந்தோரில் கேட்க நினைத்தேன். அந்த அளவுக்கு என் ஜெர்மன் அன்று கைகொடுக்கவில்லை. விடுமுறையோடு சேர்த்து ஊருக்குப் போய் எடுப்பதென்று முடிவாகியது. உர்சுலா தானும் வருவதாகச் சொன்னார். "என் மகன் எந்த வீட்டுக்குள் போகிறான் என்று நான் பார்க்கவேண்டாமா?"

அவர் கேட்டது நியாயம். ஆனால் அந்த வீட்டில் விசயம் யாருக்கும் தெரியாது.

அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அண்ணைக்கு இருபத்தொன்று. என்னைப் படிப்பித்ததும், மாப்பிள்ளை பார்த்ததும், காணி விற்று வெளிநாட்டுக்கு அனுப்பியதும் அவர்தான். ஆறு வருடத்துக்கு முன்பு என் கணவர் இறந்தபோது, "ஆரணியின்ரை கலியாணத்தை நான் பாப்பன், நீ யோசிக்காதை" என்று போனில் சொன்னார். அடுத்த வருடம் சாதகம் கேட்டார். அனுப்பினேன். துன்னாலையில் தெரிந்த குடும்பம், மகன் கனடாவில் பொறியியலாளர், பொருத்தம் நல்லது என்றார். ஆரணியிடம் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனாள். அண்ணையிடம், "பிள்ளை படிப்பை முடிக்கட்டும்" என்றேன். படிப்பு முடிந்தது. "வேலை நிரந்தரமாகட்டும்" என்றேன்.

உர்சுலாவைக் கரவெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, "என்னோடை வேலை செய்த மனிசி அண்ணை, ஊர் பாக்க ஆசைப்பட்டா" என்றேன். பிறப்புப் பத்திரம் ஓய்வூதிய அலுவலுக்கு என்றேன். உர்சுலாவிடம், அண்ணைக்கு ஆங்கிலம் வராது என்று சொன்னேன். அண்ணையிடம், உர்சுலாவுக்கு ஜெர்மன் மட்டும்தான் என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி மட்டும் நின்றால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பிரதேச செயலகத்தில் படிவத்தில் 'தேவைப்படும் காரணம்' என்ற இடத்தில் உண்மையை எழுதிவிட்டு, பக்கத்தில் நின்ற அண்ணைக்குத் தெரியாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்துநாலு வயதில்.

இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டில் உர்சுலா கரண்டியை வைத்துவிட்டு அண்ணையைப் பார்த்துச் சொன்னார்: "எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் கண்டுபிடித்தது எனக்கு மிகவும் சந்தோசம். இதை உன் அண்ணனுக்குச் சொல்."

அண்ணை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முருங்கைக்காய்க் கறி நல்லாயிருக்காம்" என்றேன்.

அண்ணையின் முகம் மலர்ந்துபோயிற்று. எழும்பி, தன் கையால் இன்னும் இரண்டு அகப்பை கறி போட்டார். உர்சுலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கறியைத் தன் வார்த்தைக்குக் கிடைத்த பதில் என்று எடுத்துக்கொண்டு, முருங்கைக்காயை நாரோடு மென்று விழுங்கினார். அன்று தொடங்கி அண்ணையின் மனைவி, என் மச்சாள், ஒவ்வொரு நாளும் முருங்கைக்காய் சமைத்தார்.

3

எட்டாம் நாள் உர்சுலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் வளவைச் சுற்றி நடந்தது போதாதாம். தொலைபேசியில் வரைபடத்தை விரித்துக் காட்டினார். கரவெட்டியிலிருந்து ஒழுங்கைகளால் போய், வல்லை வெளியைப் பிடித்து, கடல்நீரேரிக் கரையோடு தொண்டைமானாறு வரை. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். மறுநாள் போவோம், அதற்கடுத்த நாள் காலைப் பஸ்ஸில் கொழும்புக்கு என்றார். பஸ்ஸில் ஏற்கெனவே இரண்டு ஆசனம் பதிந்திருந்தது.

"வல்லை வெளியிலை என்ன கிடக்கு? காத்தும் உப்பும்" என்றார் அண்ணை. "என்ன நேர்த்தியோ?"

"நேர்த்தி இல்லை அண்ணை. சும்மா நடக்கிறது."

"சும்மா ஆரும் நடப்பினமே?" அண்ணைக்கு உண்மையாகவே விளங்கவில்லை. எங்கள் சனம் தூரம் நடந்தால் ஒன்றில் கோயிலுக்கு, இல்லாவிட்டால் இடம்பெயர்ந்து. "என்னாலை வர ஏலாது. வெங்காயத்துக்கு இறைக்கவேணும். வெயிலுக்கு முதல் போட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பின்னேரம் மூன்று மணிக்கே உர்சுலா விறாந்தையில் ஒரு துணியை விரித்து, கொண்டுபோகவேண்டிய எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார். வெயிலுக்குப் பூசுகிற களிம்பு, கொப்புளத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரர், பேனாக் கத்தி, விசில், மழைக் கோட்டு. மச்சாள் வந்து பார்த்தார்.

"உதென்ன, மழைக் கோட்டோ? ஆடிச் சோளகக் காத்திலை மழை பெய்தால் நாங்கள் பொங்கல் எல்லோ வைப்பம்."

மச்சாள் தன் பங்குக்குத் தேசிக்காய், உப்பு, பனங்கட்டி, ஒரு குடை என்று கொண்டுவந்து வைத்தார். உர்சுலா அவற்றையும் தன் வரிசையில் ஒழுங்காகச் சேர்த்தார். நான் குசினிக்குள் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் கையாலேயே கதைத்துச் சிரிப்பது கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது.

மச்சாள் உள்ளே வந்தார். கதவடியில் நின்று என்னைப் பார்த்தார்.

"வசந்தி, உவ எனக்குப் பாதை காட்டுறன் எண்டு போனைத் தட்ட, ஒரு படம் வந்தது. எங்கடை ஆரணி. பக்கத்திலை ஒரு வெள்ளைக்காரப் பெடியன், தோளிலை கை போட்டபடி. இவள் மோதிர விரலை நீட்டிக்கொண்டு நிக்கிறாள்."

நான் மாவைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

"உவ பெடியனைத் தொட்டுக் காட்டி 'மை சன்' எண்டு சொன்னா. எனக்கு அவ்வளவு இங்கிலீசு விளங்கும்."

"மச்சாள்..."

"எனக்கு ஒண்டும் சொல்லவேண்டாம். அவருக்குச் சொல்லும். போன கிழமையும் துன்னாலைக்குப் போய், ஆவணி கழியட்டும் எண்டு சொல்லிப்போட்டு வந்தவர். இதை வயித்துக்குள்ளை வைச்சுக்கொண்டு என்னாலை ரொட்டி சுட ஏலாது. மாவை விட்டிட்டுப் போம்."

4

அண்ணை மிசின் போட்டு இறைத்துக்கொண்டு நின்றார். வாய்க்காலால் வந்த தண்ணீரை மண்வெட்டியால் மறித்து மறித்துப் பாத்திக்குப் பாத்தி திருப்பினார். மிசின் இரைச்சலில் முதல்தரம் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னேன். கிணற்றடிக்குப் போய் மிசினை நிறுத்திவிட்டு வந்தார். அந்தத் திடீர் அமைதியில் மூன்றாம் தரமும் சொல்லவேண்டி வந்தது. எதையும் மறைக்கவில்லை.

"எத்தினை நாளா?" என்றார்.

"இரண்டு வருசம்."

"இரண்டு வருசமா நான் அந்த வீட்டுப் படி ஏறி இறங்குறன்."

வெள்ளைக்காரன், வேறு சமயம், ஊர் என்ன சொல்லும் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அதில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை.

"அவவுக்கு இங்கிலீசு தெரியுமோ?"

"தெரியும்."

"ரெண்டாம் நாள் சாப்பாட்டிலை அவ என்னவோ சொல்ல, முருங்கைக்காய் எண்டாய். அண்டைக்கு அவ என்ன சொன்னவ?"

சொன்னேன். அண்ணை மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைப் பெருவிரலால் வழித்து எறிந்தார்.

"சம்பந்தி என்ரை வீட்டுக்கு வந்து எட்டு நாள். வாசலிலை ஒரு நிறைகுடம் வைக்கேல்லை. ஒரு சேலை குடுக்கேல்லை. ஆரோ வழிப்போக்கருக்குப் போடுறமாதிரிச் சோறு போட வைச்சிட்டாய் என்னை. தாய்மாமன் எண்டு சொல்லிக்கொள்ள எனக்கு என்ன இருக்குது இனி?"

அவர் மறுப்பார் என்று பயந்து மறைத்தேன் என்றுதான் இரண்டு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று அந்த ஈர வரம்பில் நிற்கும்போது அதுவும் முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. அவருக்குப் பிடித்ததை மட்டும் சொல்லிச் சொல்லியே முப்பது வருடம் நல்ல தங்கையாக இருந்துவிட்டேன். அந்தப் பெயரை விட மனமில்லை.

பாதிப் பாத்திகள் காய்ந்தபடி கிடக்க, அண்ணை வீட்டுக்கு வந்து, குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு துன்னாலைக்குப் போனார். இருட்டுக்கு முன்பு திரும்பினார்.

நான் பையைக் கட்டினேன். ரொட்டியைக் கீழே வைத்தால் நசியும் என்று எடுத்தேன். மேலே வைத்தால் போத்தல் சரியும் என்று திரும்ப எடுத்தேன். சம்பலை வாட்டிய வாழையிலையில் சுற்றி, பிறகு பிரித்து, தகரப் பேணியில் போட்டேன். உர்சுலா தன் பையைக் கால் மணித்தியாலத்தில் கட்டிவிட்டுச் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நாளை உன் அண்ணனும் வந்தால் நன்றாக இருக்கும்" என்றார். ஓம் என்றேன். மச்சாள்தான் கடைசியில் வந்து பையின் வாயைக் கட்டினார். "அது கிடக்கட்டும் விடும். நீர் கிண்டுறதிலை உள்ளதும் நாறப்போகுது."

5

காலை ஐந்தரைக்கு விறாந்தைக்கு வந்தோம். அண்ணை அங்கே இருந்தார். காற்சட்டை, கழுவிய செருப்பு, கையில் குடை. உர்சுலாவைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார். கைகூப்பினார். பிறகு ஆங்கிலத்தில் பேசினார்.

கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த காலத்து ஆங்கிலம். கடிதம் எழுதுவதுபோல ஒவ்வொரு சொல்லாக வைத்தார். தான் ஆரணியின் தாய்மாமன் என்றும், எங்கள் வழக்கத்தில் அது சின்ன இடமில்லை என்றும், இன்று தான் வழிகாட்டுவதாகவும் சொன்னார். உர்சுலா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பைப்பட்டியை இறுக்கினேன்.

"வெங்காயத்துக்கு?" என்றேன் அண்ணையிடம்.

"அது நாளைக்குப் பாக்கலாம். நீ பின்னாலை வா. நான் கதைக்கிறன்."

அப்படியே நடந்தோம். அவர்கள் இருவரும் முன்னே. நான் முப்பது நாற்பது அடி பின்னே. பனை வடலிக்குள்ளால் ஒழுங்கை வளைந்து போயிற்று. வேலியடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றவர்கள் அண்ணையை மறித்து, மோட்டார் சைக்கிளுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். அவர் நின்று பதில் சொன்னார்; என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் உர்சுலாவைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். வேகமாக நடந்து கிட்டப் போனால் பேச்சு நிற்கும். பின்தங்கினால் தொடங்கும். முப்பது வருடம் மற்றவர்களுக்கு இடையில் நின்று கதைத்த எனக்கு, இரண்டு பேர் நானில்லாமல் கதைப்பதைப் பார்ப்பது தாங்கமுடியாமல் இருந்தது. பை தோளை வெட்டியது. இருந்தும் கழற்றித் தரச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

வெளிக்கு வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. அண்ணையின் குடை ஒருமுறை மறுபக்கம் புரண்டது. உர்சுலா அதை வாங்கி நிமிர்த்திக் கொடுத்தார். வல்லைப் பாலத்துக்குக் கொஞ்சம் இப்பால், தண்ணீர்க் கரையில் இருந்தார்கள். நானும் போய் இருந்தேன். ரொட்டியை எடுத்து வைத்தேன். யாரும் தொடவில்லை.

உர்சுலாதான் முதலில் பேசினார். ஜெர்மனில், மெதுவாக. "அவருக்கு நேற்றுத்தான் சொன்னாயாம்."

"ஓம்" என்றேன். ஜெர்மனில் சொல்லவேண்டிய இடத்தில் தமிழ் வந்துவிட்டது.

"அப்படியென்றால் எட்டு நாள் அந்த வீட்டில் நான் யார்?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. அவர் கண் தண்ணீரில் நின்ற நாரைகளில் இருந்தது.

அண்ணை இருமினார். "நேற்று அங்கை போனன். தாய்மனிசி தேத்தண்ணி கொண்டந்து வைச்சா. குடிச்சாலும் பிழை, குடிக்காட்டிலும் பிழை. குடிச்சிட்டு வந்தன்."

"அண்ணை..."

"கேள். உன்னிலை எனக்குக் கோவம் போகேல்லை. கொஞ்ச நாளைக்குப் போகவும் மாட்டுது. அது வேறை. இவ நாளைக்கு வெறுங்கையோடை போகக்கூடாது. நெல்லியடியிலை துணிக்கடை இண்டைக்குப் பூட்டு, நாளைக்குப் பத்து மணிக்குத்தான் திறப்பான். சேலை எடுத்து, வீட்டிலை வைச்சுச் சாப்பாடு குடுத்து அனுப்பவேணும். காலமைப் பஸ்ஸை இரவுக்கு மாத்து."

"அவர் என்ன சொல்கிறார்?" என்றார் உர்சுலா.

நான் சொன்னேன். தேத்தண்ணீரையும் சொன்னேன், கோபத்தையும் சொன்னேன், கொஞ்ச நாளைக்குப் போகாது என்பதையும் சொன்னேன். உர்சுலா கேட்டுவிட்டு, ரொட்டியில் ஒன்றை எடுத்துப் பிய்த்தார். "விமானம் அடுத்த நாள் இரவுதானே" என்றார். "மாற்று."

எழும்பி, பஸ் பதிகிறவரின் இலக்கத்தை அழைத்தேன். மூன்றாம் தரம்தான் எடுத்தார்.

"தம்பி, நாளைக்குக் காலமைப் பஸ்ஸிலை வசந்தி எண்ட பேரிலை ரெண்டு சீற்று. அதை இரவு பஸ்ஸுக்கு மாத்தவேணும்."

"கடைசி நேரத்திலை மாத்தச் சொன்னால் எப்பிடி அக்கா? என்ன அவசரம்?"

"சம்பந்தி வந்திருக்கிறா."

"ஆர் வந்திருக்கினம்? காத்து இரையுது, கேக்கேல்லை."

"சம்பந்தி" என்றேன், தொண்டை நோக. "எங்கடை ஆரணியின்ரை மாமி. அவவுக்குச் சேலை எடுக்கவேணும் தம்பி."

கொஞ்ச நேரம் கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது.

"கடைசி வரிசைதான் இருக்கு அக்கா. குலுக்கும்."

"பரவாயில்லை, போடுங்கோ" என்றேன்.